டிரிங்கோமலி கப்பலைப் பார்க்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கே: இங்கிலாந்து ஹார்ட்டில்பூலில் இருக்கும் இந்தப் பழைய மரப் போர்க்கப்பலைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்?

அரை நாள். நியூகாசிலில் இருந்து ரயில் உண்டு. கீழ்த்தட்டில் தலையைக் குனிந்தே நடங்கள். விட்டத்தில் இடித்து எனக்கு இரண்டு நாள் நெற்றி வீங்கியிருந்தது.

கே: 200 வருஷமாக மரம் எப்படித் தாங்குகிறது?

நான் திரும்பத் திரும்பப் போவதே இந்த மரத்துக்காகத்தான். நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் பம்பாயில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்து ஜம்ஷெட்ஜி பொமன்ஜியிடம் ஆங்கிலேயர் வேலையை ஒப்படைத்தார்கள். மலபார் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கினார். ஓக்கில் இருக்கும் டானிக் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப்பசை ஆணியையும் காப்பாற்றும். விட்டத்தில் கை வைத்தேன்; பாட்டி வீட்டுத் திண்ணைத் தூணின் அதே வழவழப்பு.

கே: நான் திருகோணமலைக்காரி. எங்கள் ஊர்ப் பெயர்தானா?

உங்கள் ஊரேதான் அக்கா. 1795-ல் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த துறைமுகம்.

கே: உலகத்திலேயே இன்னும் மிதக்கும் மூத்த போர்க்கப்பல் இதுதானே?

இல்லை, ஐரோப்பாவில் மட்டும். பாஸ்டனில் இருக்கும் அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷன் 1797-ல் இறங்கியது.

கே: 1765-ல் இறங்கிய ஆங்கிலேயப் போர்க்கப்பல் விக்டரியை மறந்துவிட்டீர்களே?

மறக்கவில்லை. அது 1922 முதல் போர்ட்ஸ்மத்தில் தண்ணீர் வடித்த உலர்துறையில் நிற்கிறது, மிதக்கவில்லை.

கே: கான்ஸ்டிடியூஷனில் பெரும்பாலான பலகை புதுசு. அதை எப்படி மூத்தது என்கிறீர்கள்?

தேருக்குச் சக்கரம் மாற்றினால் ஊர்த்தேர் வேறு தேராகிவிடுமா? எந்த மரக்கப்பலும் பலகை மாற்றித்தான் பிழைக்கும். இந்த இரண்டுக்கும் பழைய கணக்கு வேறு இருக்கிறது. டிரிங்கோமலியின் வரைபடங்களைப் பம்பாய்க்கு ஏற்றிச் சென்ற ஆங்கிலேயரின் ஜாவா கப்பலை 1812-ல் பிரேசில் கரைக்கு அப்பால் அழித்தது இதே கான்ஸ்டிடியூஷன்தான். வரைபடங்களை மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. கட்டத் தொடங்கியது 1816-ல்.

கே: சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள். தலை பத்திரம்.

கே: டிக்கெட் எவ்வளவு?

மாறிக்கொண்டே இருக்கும். அருங்காட்சியகத் தளத்தில் பாருங்கள்.

கே: அம்மாவுக்கு முட்டிவலி. கூட்டிப் போகலாமா?

தட்டுக்குத் தட்டு செங்குத்துப் படி. முன்கூட்டியே அங்கே விசாரித்துவிடுங்கள். ஏற முடியாவிட்டாலும் கரையோரமாக முகப்புப் பக்கம் கூட்டிப்போய் நிறுத்துங்கள். அங்கே தலைப்பாகை கட்டிய ஒருவர் மரச்சிலையாக முன்னே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்குப் பிடிக்கும்.