கேளுங்கள், சொல்கிறோம்: காலாங்கில் மேட்ச் பார்க்கப் போகிறீர்களா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, காலாங் தேசிய விளையாட்டரங்கத்தில் ஃபுட்பால் பார்க்க எங்களுக்கும் டிக்கெட் எடுக்கிறேன் என்கிறான். அம்மாவுக்கு மூட்டுவலி, பையனுக்கு ஆறு வயது. அவ்வளவு கூட்டத்துக்கு இவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா?
வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் தம்பி டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். 55,000 பேர் உட்காரும் அரங்கம் அது, மேல் அடுக்கில் இடம் விழுந்தால் அம்மா செங்குத்தான படிகளில் ஏறி இறங்கியே களைத்துவிடுவார். கீழ் அடுக்கிலேயே, வாசலை ஒட்டிய வரிசையில், ஓர இருக்கையாகக் கேட்கச் சொல்லுங்கள், காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஃபுட்பால் என்றால் கீழ் அடுக்கு இருக்கைகளை ஓடுதளத்தின் மேலேயே முன்னால் நகர்த்திவிடுவார்கள், அதனால் ஆட்டக்காரர்களைப் பக்கத்தில் பார்க்கலாம்.

எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலின் வட்டப் பாதையில் (சர்க்கிள் லைன்) வந்து ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே அரங்கம். கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள், அரங்கத்தைச் சுற்றி 888 மீட்டருக்குக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, இலவசம்தான், பையன் ஆசை தீர ஓடட்டும். பெரிய பையும் வெளிச்சாப்பாடும் வேண்டாம், வாசலில் சோதனை உண்டு. மழையைப் பற்றிக் கவலை இல்லை, திறந்து மூடும் கூரை. ஆனால் புழுக்கம் இருக்கும், பருத்தி உடை போடுங்கள்.

உண்மையில் நீங்கள் யோசிக்க வேண்டியது திரும்பி வருவதைத்தான். விசில் ஊதியதும் எல்லோரும் அதே ஸ்டேஷனுக்குத்தான் வருவார்கள், டாக்சிக்கும் நீண்ட வரிசை. கால் நன்றாக இருப்பவர்கள் காலாங் ஸ்டேஷனுக்கோ மவுண்ட்பேட்டனுக்கோ நடந்துவிடலாம், அம்மாவோடு அது வேண்டாம். பக்கத்திலேயே காலாங் வேவ் மால் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டு, கூட்டம் வடிந்த பிறகு கிளம்புங்கள். அப்புறம் இரண்டாவது நிறுத்தமான பிராமனேடில் மாறி, டவுன்டவுன் பாதையில் மூன்று நிறுத்தம் போனால் லிட்டில் இந்தியா, அம்மாவுக்கு இட்லி கிடைத்துவிடும். ரயிலுக்குள் மட்டும் பையனுக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிடாதீர்கள், தின்றாலும் குடித்தாலும் அபராதம்.

கேள்வி: 2029இல் தென்கிழக்காசியப் போட்டிகள் சிங்கப்பூரில் நடக்கும்போது ஒரே நாளில் நீச்சல், ஓட்டம் இரண்டையும் பார்க்க முடியுமா?
வாசகர், மதுரை

பதில்: 2015இல் அங்கே நடந்தபோது முடிந்தது. நீச்சல் மையம், ஓட்டம் நடந்த காலாங் தேசிய விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அந்தக் குளத்தில்தான் சிங்கப்பூர் நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங் அந்த முறை 9 தங்கம் வாங்கினார். நீச்சலில் பெரும்பாலும் காலையில் தகுதிச் சுற்று, மாலையில் இறுதி. என்னைக் கேட்டால் காலைச் சுற்றை விடாதீர்கள், எல்லா நாட்டுப் பிள்ளைகளும் நீந்துவதை அதில்தான் பார்க்க முடியும். ஒன்று முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் நடுவில் ஒன்றரை மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுங்கள், பதக்கம் கொடுப்பது இழுத்துக்கொண்டே போகும், அடுத்த வாசலில் மறுபடியும் பையைத் திறந்து காட்ட வேண்டும்.