சாம்பார் கிண்ணம் சொல்லும்: வாடிக்கையாளர் கருத்து பற்றிக் கேள்வி பதில்

பதினெட்டு வருஷம் ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். இப்போது சின்னக் கடைகளுக்கு வரும் புகார்களைப் பார்த்து யோசனை சொல்கிறேன். இந்த வாரம் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

தேனி டிபன் கடைக்காரர்: கல்லா பக்கத்தில் கருத்து நோட்டு வைத்தேன் அண்ணா. மூன்று மாதத்தில் இரண்டு 'சூப்பர்', ஒரு குழந்தை வரைந்த யானை. அவ்வளவுதான்.

யானையைக் கிழித்துச் சுவரில் ஒட்டுங்கள், நோட்டை எடுத்துவிடுங்கள். கை கழுவிவிட்டு பில் கட்ட வருபவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது. "சாப்பாடு எப்படி?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வார். பாத்திரம் கழுவும் அக்காவிடம் கேளுங்கள். எங்கள் கடையில் ஒரு வாரம் சாம்பார் கிண்ணங்கள் பாதி பாதியாகத் திரும்பி வந்தன. சாப்பிட்டவர் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அக்காதான் சொன்னார். விசாரித்தால், புளி வாங்கும் கடையை மாற்றியிருந்தோம், மாஸ்டர் அளவை மாற்றவில்லை. வாய்விட்டுக் கேட்பதானால் ஒன்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "சட்னியில உப்பு சரியா இருந்ததா சார்?" என்றால் பதில் வரும்.

மதுரை மெஸ்: கூகுளில் யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார், ஒரு வரி எழுதவில்லை. போட்டிக் கடை வேலையாக இருக்குமோ?

இருக்கலாம். போலி என்று தோன்றினால் கூகுளிடம் புகார் செய்யுங்கள். மார்க் குறைவு என்பதற்காக மட்டும் எடுக்க மாட்டார்கள். அதுவரை, "என்ன குறை என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்" என்று ஒரே வரி. சண்டை வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குக் கடை தேடுகிறவரும் அதைப் படிப்பார்.

இன்னொரு கடைக்காரர்: ஐந்து நட்சத்திரம் போட்டால் காபி இலவசம் என்று போர்டு வைக்கலாமா?

கூடாது. கூகுள் விதியே தடுக்கிறது. விலைக்கு வாங்கிய விமர்சனங்களை வெளியிடக் கூடாது என்று 2022 நவம்பரில் வந்த ஐஎஸ் 19000 இந்தியத் தர நிர்ணயமும் சொல்கிறது.

கோவை வாசகர்: பைக் சர்வீஸ் விட்டால், "போன் வரும், பத்துக்குப் பத்து சொல்லுங்க சார்" என்று கெஞ்சுகிறார்கள். எட்டு நல்ல மார்க்தானே?

பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க்தான். ஆனால் 2003இல் அமெரிக்க நிர்வாக ஆலோசகர் ஃபிரெட் ரைக்கெல்ட் எழுதிய கட்டுரையால் பரவிய கணக்கு வேறு. 'நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்ற கேள்விக்கு 9, 10 சொன்னவர்தான் ஆதரவாளர். 7, 8 எதிலும் சேராது. 6 வரை அதிருப்தி. ஆதரவு சதவீதத்தில் அதிருப்தி சதவீதத்தைக் கழிப்பார்கள். ஊழியரின் ஊக்கத்தொகையை இதில் கட்டிவிட்டால் கெஞ்சாமல் என்ன செய்வார்? பாவம், பத்தே சொல்லுங்கள். ஆனால் பிரேக் கிரீச் சத்தம் போகவில்லையென்றால், அதை ஜாப் கார்டில் எழுத வைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.