தம்பிக்கு உடம்பில் அழற்சியாம், மனநோய் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் தம்பிக்கு 39 வயது. 22 வயதில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) என்றார்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் காட்டி, ஓலன்சபின் மாத்திரை சாப்பிட்டு வருகிறான்; ஓரளவு நன்றாகவே இருக்கிறான். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. ராத்திரியோடு ராத்திரியாக ஓசூருக்கு ஓடினோம். அப்பாவின் கடை போயிற்று. அப்புறம் குடி, வீட்டில் அடிதடி. சின்ன வயதில் பட்ட பயம் உடம்பில் அழற்சியாக (இன்ஃப்ளமேஷன்) தங்கி மனநோயாக மாறுகிறது, அழற்சியைக் குறைத்தால் மாத்திரையே வேண்டாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த டெஸ்ட் எடுத்தோம், 6.8 வந்தது. மஞ்சள் கேப்ஸ்யூலும் வாங்கிவிட்டோம். மாத்திரையை நிறுத்தலாமா? அம்மா, எல்லாம் தன்னால்தான் என்று அழுகிறார். என் ஒன்பது வயது மகனுக்கும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுவோம். நோய் கட்டுப்பட்ட பிறகு மருந்தைத் தொடர்ந்தவர்களையும் நிறுத்தியவர்களையும் ஒப்பிட்ட 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கணக்கு 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஓர் ஆண்டுக்குள் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 100-க்கு 27 பேருக்கு. நிறுத்தியவர்களில் 64 பேருக்கு. உங்கள் தம்பி இப்போது நன்றாக இருப்பதற்கு அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. இரண்டு மாதம், மூன்று மாதம் நன்றாகவே போகலாம். 'பார்த்தீர்களா, மருந்தே தேவையில்லை' என்று எல்லோரும் நம்பியிருக்கும்போது தூக்கம் கெடும், பிறகு பழைய சந்தேகங்கள் வரும். அளவைக் குறைக்க வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றினால், அவரைப் பார்க்கிற மருத்துவரிடம் பேசித்தான் செய்ய வேண்டும்.

சரி, வீடியோவில் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. அதனால்தான் அது ஆபத்தாகிறது. பாதி வரை உண்மை, மீதி அவர்களே சேர்த்துக்கொண்டது.

உண்மையான பாதியைச் சொல்கிறேன். சிறுவயதில் அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, பெற்றோரை இழத்தல் போன்றவற்றை அனுபவித்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு வகை நோய்கள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. நியூசிலாந்தின் டனடின் நகரில் 1972–73-ல் பிறந்த ஆயிரம் பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். முதல் பத்து வயதுக்குள் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 32 வயதில்கூட ரத்தத்தில் அழற்சியின் அடையாளமான சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில், ஒன்பது வயதில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் அதிகம் இருந்த குழந்தைகளுக்கு, 18 வயதில் மனச்சோர்வும் மாயக்குரல் மாதிரியான அனுபவங்களும் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அதிகமாக வந்தன.

இது எப்படி நடக்கிறது? பயம் வந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனை விடுகிறது. அழற்சியை அடக்குவதும் அதன் வேலைகளில் ஒன்று. பயம் ஒரு நாளோடு போய்விட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அப்பா எப்போது குடித்துவிட்டு வருவார் என்று ஒரு பிள்ளை வருஷக்கணக்கில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தால், கார்ட்டிசால் சொல்வதை ரத்த வெள்ளணுக்கள் சரியாகக் கேட்பதில்லை. தெருவில் யார் போனாலும் குரைத்துப் பழகிவிட்ட நாய் மாதிரி, சின்னத் தூண்டலுக்கே எதிர்ப்பு சக்தி பாய்கிறது. மூளைக்குள்ளும் மைக்ரோக்ளியா என்ற காவல் அணுக்கள் உண்டு. பதின்பருவத்தில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் களைவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. மனச்சிதைவு உள்ளவர்களில் இந்தக் களைதல் அளவுக்கு மீறிப் போகிறது என்பது இப்போது வலுப்பெற்றுவரும் கருத்து. இந்த நோய் பெரும்பாலும் 18-லிருந்து 30 வயதுக்குள் தலைகாட்டுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

வீடியோக்காரர் சேர்த்துக்கொண்ட பாதி இனிமேல்தான் வருகிறது. அழற்சி காரணங்களில் ஒன்று என்றால், அழற்சியைக் குறைத்தால் நோய் போய்விடும் என்பது அவர் கணக்கு. அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அழற்சியைக் குறைக்கும் குணமுள்ள மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மனச்சிதைவின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களுக்கு, வழக்கமான மருந்தோடு சேர்த்து, ஒரு வருஷம் கொடுத்தார்கள். 2018-ல் வந்த அந்த பிரிட்டிஷ் ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. மூட்டுவாத நோய்க்குப் போடும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியை, மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 60 பேரிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் மருந்தில்லாத வெறும் ஊசிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சி.ஆர்.பி. 5-க்கு மேல் இருந்த சிலருக்கு மட்டும் கொஞ்சம் உதவியது போலத் தெரிந்தது. யாருக்கு எந்த மருந்து என்பதைத் தேர்ந்தெடுக்க ஒருநாள் இது உதவலாம், எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் இன்றைக்கு உங்கள் தம்பியின் ஓலன்சபினுக்கு மாற்றாக வைக்கக்கூடிய அழற்சி மருந்து எதுவும் கிடையாது.

மஞ்சள் கேப்ஸ்யூலும் வேண்டாம். குழம்பில் போடுகிற மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். செறிவூட்டிய கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. இதைப் படிக்கிற வேறு யாராவது லித்தியம் என்ற மனநோய் மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால், அழற்சிக்கு நல்லது என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகிவிடலாம்.

இப்போது அந்த 6.8-க்கு வருவோம். சி.ஆர்.பி.யைக் கல்லீரல் தயாரிக்கிறது. சளி, காய்ச்சல், பல்வலி, தொப்பை, சிகரெட் எல்லாமே அதை ஏற்றும். அந்த எண்ணை வைத்து மனநோய் இருக்கிறதா, இல்லையா, குறைகிறதா என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் தம்பியின் இதயத்தையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்கிற எண்ணாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருஷம் முன்னதாகவே இறக்கிறார்கள். அதில் பெரும்பங்கு மாரடைப்பு, சர்க்கரை போன்ற சாதாரண நோய்களுக்குத்தான். மனதுக்கு மாத்திரை எழுதுகிற அவசரத்தில் இவர்களுடைய உடம்பை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம்.

அதனால் அவரை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஈறு சிவந்து வீங்கியிருக்கிறதா, துலக்கும்போது ரத்தம் வருகிறதா? ஈறு நோய் ஒன்றே சி.ஆர்.பி.யை ஏற்றிவிடக்கூடும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பை அளந்து பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஓலன்சபின் பசியைத் தூண்டி எடை போட வைக்கும் மருந்து என்பதால் எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எடை கூடியிருந்தால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பது, வேறு மருந்துக்கு மாறுவது என்று வழிகள் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். சளியோ காய்ச்சலோ இல்லாத ஒரு நாளில், இரண்டு மூன்று வாரம் கழித்து, சி.ஆர்.பி.யைத் திரும்ப எடுத்தால் போதும்.

சிகரெட் பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. டீக்கடையில் நாளுக்கு நாலைந்து பிடிக்கிறவர் என்றால், விடச் சொல்வது நல்லதுதான். ஆனால் விடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிகரெட் புகை ஓலன்சபினைக் கல்லீரல் சீக்கிரம் கரைத்துவிடும்படி செய்கிறது. திடீரென்று புகையை நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தங்கும். பகலெல்லாம் தூக்கமாக வரும். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். பீடிக்கும் இதே கதைதான்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மா, 1940, 50-களில் தாயின் வளர்ப்புதான் மனச்சிதைவுக்குக் காரணம் என்று மருத்துவர்களே எழுதினார்கள். பல குடும்பங்களை அழவைத்த அந்தக் கோட்பாடு ஆராய்ச்சியில் நிற்காமல் விழுந்துவிட்டது. இந்த நோயில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி வரை போகிறது. அன்று ராத்திரி கலவரத்தை நீங்கள் உண்டாக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்குப் போனீர்கள். பயந்த பிள்ளைக்கு அணைத்துக்கொள்ள ஒருவர் இருந்தால், அந்தப் பயம் உடம்பில் இறங்குவது குறைகிறது. உங்கள் மகனுக்கு நீங்கள் இருந்தீர்கள்.

1991-ஐ யாராலும் மாற்ற முடியாது. இன்று வீட்டில் நடப்பதை மாற்ற முடியும். வீட்டில் ஓயாத குறை, கத்தல் இருந்தால் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் நோய் திரும்புவது கூடுகிறது என்று பிரிட்டனிலிருந்து சண்டிகர் வரை பார்த்திருக்கிறார்கள். 'எந்நேரமும் படுத்தே கிடக்கிறான்' என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள். பல நேரம் அது சோம்பல் இல்லை, நோயின் ஒரு முகம். 'மார்க்கெட் வரை போறேன், பையைத் தூக்க வர்றியா?' என்று கூப்பிடுங்கள். வந்தால் நடை, வராவிட்டால் நாளைக்கு.

உங்கள் மகனுக்கு டெஸ்ட் வேண்டாம். நான் மேலே சொன்ன பிரிஸ்டல் கணக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சராசரி. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அதில் படிக்க முடியாது. மாமாவுக்கு இந்த நோய் இருக்கிற பிள்ளைகளில் 100-க்கு ஏறத்தாழ 4 பேருக்கு வரலாம். மற்ற 96 பேருக்கு வராது. அவனுக்குத் தூக்கம், விளையாட்டு, அடி விழாத வீடு இருக்கட்டும். பெரியவனானதும் கஞ்சா பக்கம் போகக் கூடாது என்பதை மட்டும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவையுங்கள். குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்களுக்குக் கஞ்சா உண்மையான ஆபத்து. மாமா ஏன் மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவன் கேட்டால், நோயின் பெயரைச் சொல்லியே பதில் சொல்லுங்கள்.

ஒருவேளை மாத்திரையை ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால், அடுத்த ஓ.பி. தேதி வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.