சங்கிலியை அடகு வைக்க வேண்டாம், கண்மாய்க்குப் போங்கள்

கேள்வி: நான் மேலூரில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும், 18-55, 55-250 மி.மீ. லென்ஸ்களும் வைத்திருக்கிறேன். பறவைகளைப் படம் எடுப்பதில் ஆசை. அரிட்டாபட்டி மலையில் எடுத்த வல்லூறு வெறும் புள்ளியாகத்தான் விழுந்திருக்கிறது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த கொக்குகள் இறகே தெரியாமல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டன. பறக்கிற பறவை ஒன்றுகூடத் தெளிவாக வரவில்லை. தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 150-600 லென்ஸ் வாங்கினால்தான் சரியாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வாங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மேலூர்

பதில்: தம்பி, சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். நீங்கள் எழுதிய மூன்று குறைகளில் இரண்டுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவதும் நீங்கள் நம்புகிற அளவுக்கு லென்ஸால் தீராது.

முதலில் வெளுத்த கொக்கு. கேமரா தன் முன்னால் இருப்பதை எல்லாம் சேர்த்துப் பார்த்து, சராசரியாக நடுத்தர வெளிச்சம் வரும்படி கணக்குப் போடுகிறது. வேட்டங்குடியில் பறவைகள் உட்காருவது கருவேல மரங்களின் அடர்ந்த கிளைகளில். படத்தின் பெரும்பகுதி இருண்ட இலை. ‘இருட்டாக இருக்கிறதே’ என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறது. நடுவில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் கொக்கு வெந்துபோகிறது. உங்கள் கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். வெள்ளைப் பறவை இருண்ட பின்னணியில் இருந்தால் கழித்தல் பக்கம் ஒரு படி நகர்த்துங்கள். நல்ல வெயிலில் ஒன்றரைகூடத் தேவைப்படும். வெளிர் வானத்தின் முன்னால் நீர்க்காகம் உட்கார்ந்திருந்தால் நேர்மாறாக, கூட்டல் பக்கம் ஒரு படி. எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும்போது அளவுக்கு மீறி வெளுத்த இடங்களை மின்னிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதை இன்றைக்கே இயக்கி வையுங்கள். படங்களைச் சுருக்கிப் பதியும் ஜேபெக்காக மட்டும் வைக்காமல், கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ‘ரா’ வடிவிலும் பதியுங்கள். வெளிச்சத்தில் சிறு பிழை நேர்ந்தால் அதிலிருந்து மீட்டுவிடலாம். முழுக்க வெந்த வெள்ளையை மட்டும் எதிலும் மீட்க முடியாது.

பறக்கிற பறவை கலங்கி வருவது ஷட்டர் திறந்து மூடும் வேகம் குறைவதால். நொடியில் 2000-இல் ஒரு பங்கு வையுங்கள். நாரை போல மெதுவாகச் சிறகடிக்கும் பெரிய பறவைக்கு 1000-இல் ஒரு பங்கு போதும். அந்த வேகத்துக்கு வெளிச்சம் போதாதென்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் திறனை, 800, 1600 என்று ஏற்றத் தயங்காதீர்கள். லேசாகப் பொரிப்பொரியாகத் தெரியும் படத்தைப் பிறகு சீர்செய்யலாம். கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸைத் தொடர்ந்து பின்தொடரும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் புள்ளி. 250-இலிருந்து 600-க்குப் போனால் பறவை 2.4 மடங்கு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். மலை உச்சிப் பாறையில் உட்கார்ந்திருக்கும் வல்லூறு அப்போதும் கொஞ்சம் பெரிய புள்ளிதான். வெயில் ஏறிவிட்டால் பாறையிலிருந்து எழும் கானல் நடுவில் அலையடிக்கும்; லட்ச ரூபாய் லென்ஸும் அதற்குத் தப்பாது. அரிட்டாபட்டியில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் 18-55 லென்ஸை மாட்டுவேன். அந்தப் பாறைச் சரிவு முழுவதும் படத்தில் வரட்டும். அதன் மேல் வானத்தில் வல்லூறு சிறிதாகவே வட்டமிடட்டும். அது எங்கே வாழ்கிறது, எவ்வளவு பெரிய இடம் அதற்குத் தேவைப்படுகிறது என்பது அந்தப் படத்தில் தெரியும்.

லென்ஸைவிட உங்களுக்கு இப்போது தேவை ஒரு கண்மாய். ஒன்றே ஒன்று, வீட்டுக்கு அருகில். உங்களைப் போன்றவர்கள் ஒரு வாரம் வேட்டங்குடி, மறுவாரம் மேகமலை, அதற்கடுத்த வாரம் சிறுமலை என்று அலைகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் அவர்கள் புதியவர்கள்; எந்தப் பறவை எங்கே வரும் என்று தெரியாது. கண்ணில் பட்டதை, பட்ட தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். மேலூரில் இருக்கிற உங்களுக்கு இந்த அலைச்சல் எதற்கு? உங்களைச் சுற்றி எத்தனை கண்மாய்கள்! ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தை முடியும் வரை அங்கேயே போய்வாருங்கள். மார்கழியில் ஏறக்குறைய ஆறரை மணிக்கு விடியும். அங்கிருந்து எட்டரை வரைதான் நல்ல வெளிச்சம். கடை திறப்பதற்குள் திரும்பிவிடலாம்.

நம் பக்கத்து நிலம் பொதுவாகக் கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிகிறது. அதனால் கண்மாய்கள் பலவற்றில் கரை கிழக்கு ஓரத்தில் வளைந்து கிடக்கும். காலையில் அந்தக் கரைப்பக்கம் இருந்தால் சூரியன் உங்கள் முதுகில், வெளிச்சம் பறவையின் முகத்தில். இன்னொன்றும் உண்டு. பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். கார்த்திகை, மார்கழியில் வீசுவது வடகிழக்கிலிருந்து வரும் வாடை. ஆக, அதே கரைப்பக்கத்தில் காற்றும் உங்கள் முதுகில் படும். எழும்பும் நாரை உங்களை நோக்கி எழும்பும். பறவையின் வால் மட்டுமே தெரியும் படங்கள் உங்களிடம் குவிந்திருந்தால், காற்றைப் பார்க்காமல் நின்றதுதான் காரணமாக இருக்கும். மாலையில் போனால் எல்லாமே தலைகீழ்: வெயில் கண்ணில் அடிக்கும். அப்போது நிழலுருவங்களை எடுங்கள். பனைமரமும் பாம்புத்தாராவின் நீண்ட கழுத்தும் அதற்கென்றே அமைந்தவை.

கரையின் உச்சியில் மட்டும் நிற்காதீர்கள். வானத்தை ஒட்டி உங்கள் உருவம் தெரிந்தால் கண்மாயே காலியாகும். உட்சரிவில் இறங்கி, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். உயரத்திலிருந்து எடுத்த முக்குளிப்பான், சுற்றிலும் கலங்கிய தண்ணீராக, பார்க்க மனதில் ஒட்டாது. அதன் கண் மட்டத்திலிருந்து எடுத்தால் முன்னும் பின்னும் தண்ணீர் மங்கி, பறவை மட்டும் துலங்கும். தண்ணீர் வெளியேறும் மடை, கலுங்குப் பக்கம் மீன் கூடும் என்பதால் மடையானும் அங்கே காத்திருக்கும். அசையாமல் உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் எதுவும் கிட்டே வராது. பிறகு உங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள் அந்தப் பிரஜைகள்.

ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வழக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டவருக்கு 250 லென்ஸ் தாராளம். பஞ்சுருட்டானைப் பாருங்கள். ஒரு குச்சியிலோ கம்பியிலோ உட்கார்ந்திருக்கும், பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும், பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வந்து, பூச்சியை அடித்துத் தின்னும். பறவையைத் துரத்தாதீர்கள், குச்சியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கரிச்சானும் இப்படித்தான். கருப்புவெள்ளை மீன்கொத்தி தலைகீழாகப் பாய்வதற்கு முன் தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பறக்கும் பறவையை எடுக்கப் பழக அதைவிட நல்ல பறவை எனக்குத் தெரியாது. நீர்க்காகம் நனைந்த இறக்கையை விரித்துக் காயவைக்கும்போது நெடுநேரம் அசையாது. மேய்ச்சல் மாடுகளின் காலடியில் எழும் பூச்சிகளுக்காக உண்ணிக்கொக்குகள் கூடவே நடக்கும். மாடு மேய்ப்பவர்களுக்கு அவை பயப்படுவதில்லை. அவர்களோடு பேசிப் பழகுங்கள். எந்த மூலையில் என்ன இறங்குகிறது என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூடு இருக்கும் மரத்தை நெருங்காதீர்கள். தாய் பறந்துபோன சில நிமிடங்களில் காகம் முட்டையைக் கொத்திவிடும். நம் ஊர் வெயிலில் குஞ்சு துவண்டுவிடும். செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்களே, அதையும் செய்யாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று பதறித்தான் அது வருகிறது. வேட்டங்குடியையொட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரில் படம் எடுக்கப் போகிறவர் ஒரு கூட்டுக்காக மரத்தடி வரை போவது எனக்குப் பொறுக்கவில்லை.

எடுக்கிற ஒவ்வொரு படத்தோடும் நாள், கண்மாயின் பெயர், பறவை செய்துகொண்டிருந்தது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு ஒருநாள் சாட்சியாகலாம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், அதையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. உங்கள் மேலூர்ப் பக்கத்து மக்கள் போராடி, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அறிவிப்புப் பலகை இல்லாத கண்மாய்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே என்ன வாழ்கிறது என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட ஆள் இல்லை. ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் கண்மாயையும் சேர்த்துவிடுங்கள்.

பங்குனியில் தண்ணீர் வற்றும்போது உங்கள் படங்களை எடுத்துப் பாருங்கள். பறவையின் வழக்கம் தெரிந்து, வெளிச்சம் சரியாக வாய்த்து, எட்டவில்லை என்ற ஒரே காரணத்தால் கைவிட்டுப்போனவை நிறைய இருந்தால், அப்போது நீண்ட லென்ஸ் வாங்குங்கள். சம்பளத்தில் மாதாமாதம் எடுத்து வைத்து, பயன்படுத்திய லென்ஸாகவே பாருங்கள். பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.