கம்பத்துக்குக் கம்பம் நிற்கிறான் மணி

கேள்வி: டாக்டர், எங்கள் லாப்ரடார் மணிக்கு மூன்று வயது. தினமும் காலையில் என் வீட்டுக்காரர் வாக்கிங் கூட்டிப்போகிறார். கம்பத்துக்குக் கம்பம் நின்று மோப்பம் பிடிக்கிறான். இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்கிறான். அப்படியும் இழுத்துக்கொண்டு நாலாயிரம் அடி நடந்து வந்தால், வீட்டில் செருப்பைக் குதறுகிறான். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போய், கண்ணைக் கட்டி இழுத்து வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மணிக்குத் தினமும் அதுதான் நடக்கிறது.

அவன் மோந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மூக்கைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளவு தெரியும். முன்னால் இழுத்த மூச்சை அந்தப் பிளவு வழியாக வெளியே விடுகிறான். உள்ளே வருகிற வாசனையை வெளியே போகிற மூச்சு கலைப்பதில்லை. தரையில் மெல்லிய புழுதி இருந்தால் அது பின்பக்கமாகப் பறக்கும். இன்னொரு நாயின் மூத்திரத்தை நக்கிவிட்டுச் சில ஆண் நாய்கள் பல்லைக் கிடுகிடுவென ஆட்டி, வாயில் நுரை தள்ளும். ஃபிட்ஸ் என்று பதறி நாயைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தவர்கள் உண்டு. முன்பல்லுக்குப் பின்னால், மேலண்ணத்தில் இந்த வாசனைக்கென்றே ஓர் உறுப்பு இருக்கிறது. வாசனையை அங்கே அனுப்புகிற வேலைதான் அந்தப் பல்லாட்டம்.

2019-ல் சார்லட் டுரான்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தீனி தேடும் பயிற்சி. மற்றவற்றுக்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. பிறகு, தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத இடத்தில் கிண்ணத்தை வைத்தபோது, மோப்பம் பிடித்த நாய்கள் முன்னைவிட வேகமாகப் போய்ப் பார்த்தன. நம்பிக்கை கூடியிருந்தது என்று அர்த்தம்.

இதையெல்லாம் படித்துவிட்டும் நான் என் சிப்பிப்பாறை நாயை இழுத்துக்கொண்டுதான் திரிந்தேன். எனக்கு மூட்டுவலி வந்து மெதுவாக நடக்க ஆரம்பித்த பிறகுதான், வீடு திரும்பியதும் அவள் பதினோரு மணிவரை தூங்குவதைப் பார்த்தேன்.

கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை, மூன்று மீட்டர் கயிறு. வெயில் ஏறுமுன் இருபது நிமிடம். எந்தப் பக்கம் போவது, எங்கே நிற்பது எல்லாம் அவன் இஷ்டம். கயிறு தொய்வாக இருக்கட்டும். ஒரே வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றாலும் சரி. வண்டி போகிற தெருவில் மட்டும் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். தேங்கிய தண்ணீரில் மூக்கை வைக்க விடாதீர்கள். எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. அதற்கான தடுப்பூசி வருஷா வருஷம் போடுகிறீர்களா என்று அட்டையைப் பாருங்கள். பிரியாணிக் கடை வாசல் எலும்பிலும் கண் இருக்கட்டும். வந்ததும் காது மடல், விரலிடுக்கில் உண்ணி பாருங்கள்.

லாப்ரடார் சீக்கிரம் பெருத்துவிடும், அதனால் மாலையில் பந்து போட்டு ஓட விடுங்கள். அடிக்கணக்கை உங்கள் வீட்டுக்காரர் தனியாகப் போய் முடித்துக்கொள்ளட்டும்.

செருப்பை இன்றைக்கே உயரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். பழகின பல், ஒரு வாரத்தில் மறக்காது.