டிரஸ்ட் பத்திரத்தைப் படித்துச் சொல்ல எந்த வழக்கறிஞர்?

வணக்கம் சகோதரி. தந்தையார் உயிரோடிருந்தபோதே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த் வீட்டை டிரஸ்டில் வைத்துச் சென்றிருக்க, தாயார் இன்னும் குடியிருக்கும் அந்த வீட்டை டிரஸ்டியான, அதாவது டிரஸ்ட் சொத்தை நிர்வகிக்கும், உங்கள் தம்பி தனியாக விற்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வீட்டைப் பதிவு செய்துகொடுத்த வழக்கறிஞரிடமே இதைக் கேட்பதை நான் விரும்பவில்லை. சொத்து மாற்றம் வேறு, டிரஸ்ட் வழக்கு வேறு, மேலும் அவர் இப்போது தம்பிக்காக வேலை செய்கிறார் என்றால் உங்களுக்கும் ஆலோசனை சொல்வது முறையாகாது. டிரஸ்ட், வாரிசுரிமை வழக்குகளை உயர் நீதிமன்றத்தில் நடத்திப் பழகியவரைத் தேடுங்கள். அவர் தொழில் செய்யத் தகுதியுடன் இருக்கிறாரா என்பதை, வழக்கறிஞர்களைக் கண்காணிக்கும் சட்டத்தொழில் மன்றத்தில் (Legal Practice Council) கேட்டு உறுதி செய்யலாம்.

அதற்கு முன், டிரஸ்ட் பதிவான மாஸ்டர் (டிரஸ்டுகளைப் பதிவு செய்து மேற்பார்வையிடும் உயர் நீதிமன்ற அதிகாரி) அலுவலகத்தில், பயனாளி என்ற முறையில் பத்திரம், பிற்காலத் திருத்தங்கள், டிரஸ்டிகளுக்கான அதிகாரக் கடிதம் ஆகியவற்றின் நகலுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். 1988ஆம் ஆண்டின் டிரஸ்ட் சொத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, மாஸ்டரின் அதிகாரம் பெறாதவர் டிரஸ்டியாகச் செயல்பட முடியாது. டிரஸ்டிகள் பலர் இருந்தால், பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அனைவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே, எத்தனை டிரஸ்டிகள், விற்கும் அதிகாரம் எந்தப் பிரிவில், தாயாருக்குக் குடியிருப்பு உரிமை எழுதப்பட்டுள்ளதா என்று பத்திரத்தைப் புரட்டிப் பார்க்காமல் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தால், நகலுக்காகக் காத்திராமல், தடையுத்தரவு கோர முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள்.