30 வருடப் பழைய பாய்ப்படகை அதன் இன்போர்ட் எஞ்சினோடு (படகுக்குள்ளேயே பொருத்தியது) வாங்கிக் கொழும்பில் வைத்துச் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் அட்வான்ஸ் ஏற்கெனவே கைமாறிவிட்டது, வீட்டில் மட்டும் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் அப்படித்தான் வாங்கினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எஞ்சினியர் இல்லை. வெள்ளவத்தையில் இருக்கிற ஒரு கணக்காளன். கப்பலில் வேலை பார்த்தவர்கள் வந்து பிழை பிடிப்பார்கள், தெரியும். பிடிக்கட்டும். நான் என் கைக்காசில் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 26 அடி ஃபைபர் படகு, 1987இல் கட்டியது. உள்ளே யன்மார் 1ஜிஎம்10, ஒற்றைச் சிலிண்டர், 9 குதிரைவலு டீசல். அதற்கு ரேடியேட்டர் கிடையாது. கடல் தண்ணியையே உறிஞ்சி, எஞ்சினுக்குள் சுற்றவிட்டு, கடைசியில் புகையோடு கலந்து பின்பக்கத்தால் துப்பும். வாங்குகிறவர்கள் எல்லாரும் பாயையும் பாய்மரத்தையும்தான் பார்ப்பார்கள். நித்திரையைக் கெடுக்கப்போவது இந்தத் தண்ணி போகிற பாதை.

2018இல் மச்சானும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கி, தெரிந்த ஒருவரின் தயவில் கொழும்புக்கு வடக்கே திக்கோவிட்டத் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளுக்குப் பக்கத்தில் கட்டினோம். சோளகம், அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று, தொடங்கினால் மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கக் கடலில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலையில்லை. அந்த ஐந்து மாதமும் எஞ்சினுக்குள் உப்புத் தண்ணி சும்மா நிற்கும். அதை நல்ல தண்ணியால் கழுவிவிட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. திரும்பி வரும்போது, துறைமுக வாயிலுக்கு அரைக் கட்டை தூரத்தில், சூட்டு அலாரம் கத்தத் தொடங்கியது. எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்னேரக் கடற்காற்றில் முன்பாயை மட்டும் ஏற்றி மெதுவாக வந்தோம். உள்ளே கட்டுவதற்கு ஒரு மீன்பிடிப் படகு கயிறு எறிந்தது. "மாத்தையா, இதுக்குத்தான் காத்து இருக்குதே, எஞ்சின் எதுக்கு?" என்று அந்தப் பொடியன் சிரித்தான். மச்சானுக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

கடல் தண்ணி உறிஞ்சும் பம்பைத் திறந்தால், உள்ளே சுற்றித் தண்ணியைத் தள்ளும் இம்பெல்லரின் ரப்பர் இதழ் இரண்டைக் காணவில்லை. புறக்கோட்டையில் தேடி அலைந்து புதிது வாங்கிப் போட்டேன், பெருமையாக. போன இரண்டு இதழும் எங்கே போயிருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, 15 நிமிஷத்தில் மறுபடி அலாரம்.

பிறகு ஒரு கராஜ் பாஸ் வந்தார். லொறி எஞ்சினில் மனிதர் கெட்டிக்காரர், குறை சொல்லக்கூடாது. "ஹெட் கஸ்கட் போயிட்டுது" என்றார். ஹெட்டைக் கழற்றி மாட்டக் கூலி மட்டும் 45,000 ரூபாய். சூடு குறையவில்லை. அடுத்ததாக, சூட்டைப் பார்த்துத் தண்ணிக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றி லொறியினுடையதைப் போடலாம் என்றார். அங்கேதான் நான் விழித்துக்கொண்டேன். கடல் தண்ணியில் ஓடுகிற இந்த எஞ்சினில் அது 42 பாகையில் திறக்க வேண்டும். லொறியில் இருப்பது 80க்குப் பக்கத்தில் திறக்கும். கடல் தண்ணி அவ்வளவு சூடானால் உப்பு உள்ளேயே படிந்துவிடும்.

பக்கத்தில் ஒரு பலநாள் படகில் வேலை செய்துகொண்டிருந்த குருநகர் ஐயா ஒருவர், இரண்டு நாளாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் வாயைத் திறந்தார்.

"தம்பி, தண்ணி உள்ள போகுதோ எண்டு பாத்தீர். வெளியால எவ்வளவு வருது எண்டு பாத்தனீரே?"

ஒரு வாளியைக் கயிற்றில் கட்டிப் புகைக்குழாய்க்குக் கீழே பிடித்தார். எஞ்சின் ஓட ஓட ஒரு நிமிஷம் பார்த்தோம். வாளியின் அடி நனைந்தது, அவ்வளவுதான். "இனிக் கழட்டும்," என்றார்.

புகையும் தண்ணியும் சேருகிற இடத்தில் இருக்கும் முழங்கைக் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். பெருவிரல் போகவேண்டிய ஓட்டையில் பென்சில்தான் போகும். மிச்சமெல்லாம் கரியும் உப்பும் சேர்ந்து, தேங்காய்ச் சிரட்டை எரிந்து இறுகின மாதிரிக் கல்லாகிக் கிடந்தது. காணாமல் போன இரண்டு இதழும் பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் வளைவில், ஒன்றின் மேல் ஒன்றாக.

அந்த முழங்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து பல்கனியில் வைத்து ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன். இரண்டு மணித்தியாலம்கூட இல்லை, ஃபிளாட் கமிட்டியிலிருந்து ஆள். டீசல் மணக்கிறதாம், சத்தமாம். மாதாமாதம் மெயின்டனன்ஸ் காசு வாங்குகிறீர்களே, லிஃப்ட் மூன்று கிழமையாக நிற்கிறதே, ஐந்தாம் மாடிக்கு என் அம்மா படியேறுகிறாரே என்று கேட்டேன். "அது வேற விஷயம்" என்றார்கள். அதற்கு எண்ணெய் போட ஆளில்லை, நான் என் சாமானைத் தட்டினால் கடிதம் வருகிறது! சரி, விடுங்கள்.

தட்டினதில் பழைய இரும்பே உதிர்ந்து ஓட்டை விழுந்தது. லேத்துப் பட்டறையில் 316 ஸ்டெயின்லெஸ் குழாயில் அதே அளவுக்குச் செய்வித்தேன். 304இல் மலிவாகச் செய்து தருவார்கள், வேண்டாம், உப்புக்கு நிற்காது. கம்பனிப் பாகம்தான் போடவேண்டும் என்பவர்கள் போடலாம். என்னுடையது இன்னும் ஓடுகிறது.

இன்னொன்று டீசல். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கேனில் எண்ணெய் தரவில்லை, படகுக்கு நம்பர் பிளேட்டும் இல்லை. பாதித் தாங்கியோடு மாதக்கணக்கில் நின்றதில் உள்ளே ஈரம் வேர்த்து, அடியில் பாசி மாதிரிக் கறுப்புச் சளி. ஃபில்டர் மாற்றி, காற்றெடுக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசல் இழுக்கும் பம்பின் நெம்பை அடித்து ஸ்டார்ட் பண்ணினோம். ஒரு விஷயம், இதை மட்டும் மறக்காதீர்கள்: எஞ்சின் பிடிக்காமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டர் அடிக்கும்போது கடல் தண்ணி வால்வை மூடிவையுங்கள். புகை தள்ளாமல் தண்ணி மட்டும் போய் சைலன்சர் நிரம்பினால், அது திரும்பிச் சிலிண்டருக்குள் இறங்கும். எஞ்சின் பிடித்த உடனே திறந்துவிடுங்கள்.

ஷாஃப்ட் கிளாண்ட், அதாவது விசிறியின் தண்டு படகுக்கு வெளியே போகும் இடத்து அடைப்பு, சொட்டும். ஓடும்போது நிமிஷத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். மச்சான் ஒழுக்கு என்று நினைத்து இறுக்கி ஷாஃப்டில் கோடு விழுத்தினார். பாய்மரத்தைத் தாங்கும் வயர்களில் பஞ்சைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது பஞ்சு மாட்டினால் அந்த இழை அறுந்திருக்கிறது, வயரை மாற்றவேண்டும். எஞ்சின் புளொக்கில், இரும்பு அரிக்காமல் தான் தேய்வதற்கென்றே இருக்கும் சிங்க் துண்டு பாதி தேய்ந்தால் எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

"தமிழருக்கு எதுக்கு வெள்ளைக்காரன் விளையாட்டு" என்று சொல்ல உங்களுக்கும் ஆள் வரும். என் அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது, ஓட்டிப் போனவர்களில் ஊர்க்காரரும் இருந்தார்கள். அவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

மிச்சக் காசைக் கொடுக்கமுன் ஒன்று. படகைப் பார்க்கப் போகும் நாளில் எஞ்சினை முன்கூட்டி ஸ்டார்ட் பண்ணி வைக்கவேண்டாம் என்று விற்கிறவரிடம் சொல்லுங்கள். போன உடனே எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வாளி ஒன்றும் கொண்டுபோங்கள்.